வெளுத்த சக்கை

அன்று காலை ஸ்டோர் ரூம் கதவைத் திறந்தபோது, கம்பியில் தொங்கிய பைகளில் பூத்திருந்த காளான்கள் எல்லாம் அவனுக்கு முதுகைக் காட்டிக்கொண்டிருந்தன.

முதலில் அவனுக்கு அது உறைக்கவில்லை. கையில் தண்ணீர் தெளிக்கும் பாட்டில், கண்ணில் பாதித் தூக்கம், மடங்க மறுக்கும் வலது முழங்கால். தினமும் செய்கிற மாதிரியே பாட்டிலைத் தூக்கி இரண்டு தடவை அடித்த பிறகுதான் கை நின்றது. அந்த அறைக்கு ஜன்னல் கிடையாது. காற்றும் வெளிச்சமும் வருவதென்றால் கதவிடுக்கு வழியாகத்தான் வரவேண்டும். அதற்காகவே ஒரு செங்கல்லை முட்டுக்கொடுத்துக் கதவை எப்போதும் ஒருக்களித்து வைத்திருப்பான். சிப்பிக் காளான் காற்று வருகிற பக்கம்தான் முகம் திருப்பும். இத்தனை நாளும் அப்படித்தான். அவன் கதவைத் திறந்ததும், பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் வாத்தியாரைப் பார்ப்பதுபோல எல்லாம் அவனைப் பார்த்து நிற்கும். இன்று ஒன்றுகூட அவனைப் பார்க்கவில்லை. சாம்பல் நிறக் குடைகள் அத்தனையும் பின்சுவர்ப் பக்கம் திரும்பி, கழுத்தை நீட்டிக்கொண்டு, அடுத்த வீட்டுச் சண்டையை ஒட்டுக்கேட்கிறவர்கள்போல அசையாமல் நின்றன.

பின்சுவரில் என்ன இருக்கிறது? காரை பெயர்ந்த ஒரு திட்டு, துருப்பிடித்த ஓர் ஆணி. சுவருக்கு அந்தப் பக்கம் படுக்கையறை. சுவரை ஒட்டிக் கட்டில். கட்டிலில் அவன் மனைவி, அவள் வேலை பார்க்கும் கடைக்கு விடுமுறை என்பதால், இன்னும் தூங்கிக்கொண்டிருந்தாள்.

'நான்தான் பையை மாற்றி மாட்டியிருப்பேன்' என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டான். ஒவ்வொரு பையாகக் கதவைப் பார்த்துத் திருப்பி மாட்டினான். வெளியே வந்து முகம் கழுவினான்.

அவன் லிஃப்ட் மெக்கானிக்காக இருந்தவன். கட்டடங்களின் வயிற்றுக்குள்ளே, எண்ணெயும் இருட்டுமான அந்தக் குழிகளில் பாதி வாழ்க்கையைக் கழித்தவன். வடம் தேய்ந்திருக்கிறதா, உருளை இறுகியிருக்கிறதா என்பதை மேலே நின்று காதாலேயே கேட்டுச் சொல்லுவான். ஒரு நாள் கூண்டுக்கும் சுவருக்கும் நடுவில் முழங்கால் சிக்கியது. அதன் பிறகு கொஞ்ச காலம் ஒரு நாற்காலி கொடுத்து உட்காரவைத்தார்கள். அப்புறம் அந்த நாற்காலியும் இல்லை. ஜன்னல் ஓரம் உட்கார்ந்து, காலண்டரைப் பார்த்துக்கொண்டு, வீட்டோடு முடங்கினான்.

அவள் ஒரு பெரிய ஆஸ்பத்திரியின் கீழ்த்தளத்தில் இருந்த காப்பிக் கடையில் மெஷினுக்கு முன்னால் நிற்பவள். எல்லோரும் அவளை 'மாஸ்டர்' என்றுதான் கூப்பிடுவார்கள், அவனும் அப்படியே. அந்த ஆஸ்பத்திரி லிஃப்டைப் பழுது பார்க்கப் போன இடத்தில்தான் அவளைப் பார்த்தான், காப்பி குடித்தான், மறுநாள் பழுதில்லாத லிஃப்டையும் பழுது பார்க்கப் போனான். அவள் அவனை இன்றுவரை 'மெக்கானிக்கு' என்றுதான் கூப்பிடுவாள். விரும்பிக் கட்டிக்கொண்டவர்கள், அதனால் இரண்டு பக்கமும் 'நீ, வா, போ'தான்.

விடியுமுன்னே கிளம்பினால் பொழுது சாய்ந்துதான் வருவாள். வந்ததும் செருப்பைக்கூட கழற்றாமல் நாற்காலியில் விழுவாள். வேர்வையையும் மீறி அவளிடம் காப்பி மணக்கும். தலைமுடியில், நகக்கண்ணில், கழுத்து மடிப்பில். சோப்பு போட்டுக் குளித்துவிட்டு வந்தாலும் போகாது. இருட்டில்கூட அவள் எந்த அறையில் இருக்கிறாள் என்று அவனால் சொல்லிவிட முடியும்.

காப்பிச் சக்கையை முதன்முதலாக வீட்டுக்குக் கொண்டுவந்தவளும் அவள்தான்.

"பை பையா குப்பையில கொட்டுறோம்பா, மனசே வரல. இதுல காளான் வளக்கலாமாம். கடைக்கு வர்ற ஒருத்தர் சொன்னாரு. நீயும் சும்மாதானே உக்காந்திருக்க?"

அந்த 'சும்மா' சுருக்கென்று தைத்தது. அவளுக்கும் தைத்திருக்க வேண்டும். உடனே அவன் தோளில் கை வைத்து, "சும்மா சொன்னேன்டா" என்றாள். இரண்டு 'சும்மா'வுக்கும் சேர்த்துச் சிரித்துவிட்டார்கள்.

முதலில் போட்ட பைகள் பச்சைப் பூசணம் பூத்து நாறிப்போயின. பிறகு பக்குவம் பிடிபட்டது. சக்கை அன்றைக்கு அன்றே வேண்டும். உள்ளங்கையில் வைத்து இறுக்கினால் ஒரு சொட்டுக்கு மேல் விழக்கூடாது. கையைச் சோப்பால் கழுவி, காளான் விதையைச் சக்கையோடு பிசிறி, பாலிதீன் பையில் அடைத்து, ஓட்டை போட்டு, இருட்டில் தொங்கவிட வேண்டும். அவ்வளவுதான். அப்புறம் விதையிலிருந்து வெள்ளை இழைகள் கிளம்பும். முதலில் ஒட்டடைபோல, பிறகு பஞ்சுபோல. கன்னங்கரேலென்று இருந்த சக்கை நாளாக நாளாக வெளுத்துக்கொண்டே வரும். காப்பி மணம் போய்விடும். அதற்குப் பதிலாக மழையில் நனைந்த காகிதம்போல ஒரு மணம், கொஞ்சம் இனிப்பாக. முழுசாக வெளுத்ததும் குண்டூசித் தலைகள் எட்டிப்பார்க்கும். கண்ணை மூடித் திறப்பதற்குள் கொத்துக் கொத்தாக விரிந்துவிடும்.

முதல் கொத்தைப் பறித்த அன்று அவனுக்குத் தலைகால் புரியவில்லை. மிளகுத்தூள் தூவி வதக்கி அவளுக்கு ஊட்டிவிட்டான். எதிர்வீட்டு டைலரக்காவுக்கு ஒரு கிண்ணம் கொடுத்தனுப்பினான். அந்த அம்மாள் தையல் மெஷினை நிறுத்திவிட்டுக் கதவைத் தட்டிக்கொண்டு வந்து, "தம்பி, உன் கையில ஏதோ இருக்குப்பா!" என்றாள். யாரும் அவனைப் பார்த்து அப்படிச் சொல்லி வெகுநாளாகியிருந்தது.

ஆகவே, காளான்கள் திரும்பி நின்றதை அவன் யாரிடமும் சொல்லவில்லை.

மறுநாள் காலை, அவள் வேலைக்குப் போன பிறகு, மறுபடி கதவைத் திறந்தான். திருப்பி மாட்டிய பைகள் திருப்பி மாட்டியபடியே இருந்தன. ஆனால் காளான்கள் அப்படி இல்லை. தண்டை வளைத்து, முறுக்கிக்கொண்டு, மீண்டும் பின்சுவரையே பார்த்தன. மத்தியானம் எட்டிப்பார்த்தான். தளர்ந்து, ஆளுக்கொரு திசையில் தொங்கின, சொந்தக்காரர்கள் கலைந்துபோன கல்யாண வீடுபோல.

சாயங்காலம் அவள் வருகிற நேரத்துக்கு, ஒரு ஸ்டூலைப் போட்டு உள்ளேயே உட்கார்ந்துகொண்டான். கையில் டார்ச். வெளியே தெருவில் வண்டிகள். எதிர்வீட்டில் தையல் மெஷின். பையிலிருந்து எங்கோ ஒரு சொட்டு விழுகிற சத்தம். பிறகு, கீழே, படிக்கட்டில், அவளுடைய செருப்பு. எத்தனை காலடிக்கு நடுவிலும் அவனுக்குத் தெரியும் அது. முதல் மாடி. மூச்சு வாங்க நிற்கிறாள். இரண்டாம் மாடி.

டார்ச்சை அடித்தான்.

குடைகள் திரும்பிக்கொண்டிருந்தன. வேகமாக இல்லை, கடிகாரத்தின் பெரிய முள்போல; உற்றுப் பார்த்தால் நிற்பதுபோலவும், கண்ணை எடுத்துவிட்டுப் பார்த்தால் நகர்ந்திருப்பதுபோலவும். படிக்கட்டுப் பக்கம். அவள் ஏற ஏற, அவையும் மெல்ல மேலே பார்த்தன. வாசல் கதவுப் பூட்டில் சாவி திரும்பியபோது, அத்தனையும் ஒன்றுபோல வாசலை நோக்கி நின்றன.

"மெக்கானிக்கு? எங்க இருக்க?"

டார்ச்சை அணைத்தான். வெளியே வந்தான். நாற்காலியில் விழுந்து கிடந்தாள், தலையைப் பின்னால் சாய்த்து, கண்ணை மூடி. கழுத்து நரம்பு துடித்துக்கொண்டிருந்தது.

"இன்னிக்கு நிக்க நேரமில்லப்பா. சக்கையா பிழிஞ்சிட்டாங்க" என்றாள் கண்ணைத் திறக்காமலே.

வாய்வரை வந்ததை விழுங்கிக்கொண்டான். சொன்னால் என்ன சொல்வாள்? தூக்கிப்போடு என்பாள். தூக்கிப்போட்டுவிட்டு, மறுபடி அந்த ஜன்னல் ஓரம், அந்தக் காலண்டர், அந்த முழங்கால். 'நாளைக்குச் சொல்லலாம்' என்று நினைத்தான்.

அந்த 'நாளை' வந்தபோது, அவளே ஸ்டோர் ரூமுக்குள் போய் உட்கார்ந்தாள்.

வெயில் உறைத்த நாள் அது. வந்தவள் நாற்காலிக்குப் போகவில்லை. நேராக உள்ளே போய்ப் பைகளுக்கு நடுவில் தரையில் உட்கார்ந்து, பின்சுவரில் சாய்ந்துகொண்டாள். "என்ன குளுகுளுன்னு இருக்கு இங்க! தலைவலிகூட போயிடுச்சு" என்றாள். அவள் முகத்தில் அப்படியொரு நிம்மதியைப் பார்த்து வெகுகாலமாகியிருந்தது. வெளியே வரும்போது புதிதாகப் பிறந்தவள்போல இருந்தாள். அவனுக்குத் தட்டு வைத்தாள், பாட்டுகூட முணுமுணுத்தாள்.

மறுநாள் காலை பைகள் கொள்ளாமல் பூத்திருந்தன. ஓட்டை போடாத இடத்தில்கூடப் பாலிதீனைக் கிழித்துக்கொண்டு வந்திருந்தன. கூடை கூடையாகப் பறித்தான். மாடி முழுக்கக் கொடுத்தான். டைலரக்கா மூக்கில் விரலை வைத்தாள்.

பிறகு தினமும் அவள் போய் உட்கார்ந்தாள். அவன் தடுக்கவில்லை. சொல்லப்போனால், ஒரு நாள் அவள் நாற்காலியிலேயே உட்கார்ந்தபோது, "உள்ள போய்க் கொஞ்சம் சாஞ்சிக்கோயேன்" என்று அவனே சொன்னான். சொல்லிவிட்டுத் தன் குரலைத் தானே கேட்டு ஒரு கணம் நின்றான். அவள் எழுந்து போய்விட்டாள். கதவு தானாக ஒருக்களித்துக்கொண்டது.

அந்த வாரங்களில் வீடு நன்றாகத்தான் இருந்தது. அதுதான் கொடுமை. அவளுக்கு அலுப்பே இல்லை. எரிச்சல் இல்லை. கேட்டதற்கெல்லாம் மெல்லச் சிரித்தாள். சாப்பாடு மட்டும் குறைந்துகொண்டே வந்தது. தண்ணீர் கூடிக்கொண்டே போனது. செம்பு செம்பாகக் குடித்தாள். வெயிலில் நிற்கமாட்டாள், திரைச்சீலையை இழுத்து மூடிவிடுவாள். 'நாளெல்லாம் மெஷின் சூட்டில் நிற்கிறவளுக்கு வெயில் எப்படிப் பிடிக்கும்' என்று அவன் சமாதானம் சொல்லிக்கொண்டான்.

ஒரு விடியலில், தூக்கத்தில் புரண்டு, வழக்கம்போல அவள் கழுத்தில் முகத்தைப் புதைத்தவன் விழித்துக்கொண்டான்.

காப்பி மணக்கவில்லை.

இன்னும் நெருங்கி மூச்சை இழுத்தான். தலைமுடி. காது மடல். உள்ளங்கை. எங்குமே இல்லை. இத்தனை வருடம் எந்தச் சோப்பாலும் போகாத மணம் சுத்தமாகத் துடைத்தெடுத்ததுபோல் போயிருந்தது. அதற்குப் பதிலாக, லேசாக, இனிப்பாக, நனைந்த காகிதம்.

"என்னப்பா மோந்து பாக்குற?" என்றாள் இருட்டில். தூக்கக் கலக்கமே இல்லாத குரல். அவள் எப்போதிலிருந்து விழித்திருக்கிறாள்?

"ஒண்ணுமில்ல. தூங்கு."

விடிந்ததும் அவள் தலை வாரும்போது பின்னால் நின்று பார்த்தான். வகிட்டில் வெள்ளையாக ஏதோ இருந்தது. பொடுகு என்று நினைத்து விரலால் தட்டினான். உதிரவில்லை. நகத்தால் சுரண்டினான். நூலாக வந்தது. இழுக்க இழுக்க வந்தது. அவள் கண்ணாடியில் அவனைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே இருந்தாள். வலிக்கவில்லை போலிருக்கிறது. நூல் அறுந்தது. அவள் கைப்பையை மாட்டிக்கொண்டு வேலைக்குக் கிளம்பிவிட்டாள்.

மத்தியானம் கடை முதலாளி போன் செய்தார்.

"தம்பி, வந்து கூட்டிட்டுப் போயிடுங்க. நீராவிக் குழாயைக் கையால பிடிச்சிட்டு நின்னிருக்காங்க. நாங்க கத்துறோம், விடவே இல்ல. வலிக்குதான்னு கேட்டா, 'எது?'ன்னு கேக்குறாங்க."

ஆஸ்பத்திரிக்குள்ளேயே கட்டுப்போட்டு உட்காரவைத்திருந்தார்கள். அவன் நொண்டிக்கொண்டே ஓடினான். வழியில் நர்ஸ் ஒருத்தி தயங்கித் தயங்கிச் சொன்னாள்: "நல்லா வெந்திருக்கணும் சார். ஆனா கொப்புளம் வரல. தோல் உரிஞ்ச இடத்துல ரத்தமும் வரல. உள்ள... வெள்ளையா இருந்துச்சு."

அவள் கையால் காப்பி குடித்துப் பழகிய டாக்டர் ஒருவர், வரிசையில் நிற்கவைக்காமல் உள்ளே கூப்பிட்டார். "என்ன மாஸ்டர், எங்களுக்கெல்லாம் தெம்பு குடுத்துட்டு நீங்க இப்படி ஆயிட்டீங்களே" என்று சிரித்துக்கொண்டே ஸ்டெதஸ்கோப்பை அவள் நெஞ்சில் வைத்தார். வைத்த இடத்திலேயே வைத்திருந்தார். இடம் மாற்றினார். முதுகுப் பக்கம் போனார். சிரிப்பு கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்தது. கருவியைத் தன் நெஞ்சிலேயே வைத்துக் கேட்டுப் பார்த்தார், தலையாட்டிக்கொண்டார். மேஜை டிராயரிலிருந்து வேறொன்றை எடுத்து அவள் நெஞ்சில் வைத்தார். அப்புறம் அதையும் மெல்லக் கழற்றிக் கீழே வைத்தார்.

"மூச்சு விடுங்க மாஸ்டர்."

"விடுறேனே டாக்டர்" என்றாள் அவள் இனிமையாக.

டாக்டர் அவனைப் பார்த்தார். அந்தப் பார்வையில் படிப்பு எதுவும் மிச்சமில்லை. "எக்ஸ்ரே மெஷின் இன்னிக்கு ரிப்பேர். நாளைக்கு மத்தியானம் கூட்டிட்டு வாங்க. கண்டிப்பா கூட்டிட்டு வாங்க" என்றார். கையைக் கழுவப் போனவர், அவர்கள் கதவைத் தாண்டும்வரை கழுவிக்கொண்டே இருந்தார்.

வீட்டுக்கு வந்ததும் அவளைக் கட்டிலில் படுக்கவைத்துவிட்டு ஸ்டோர் ரூமைத் திறந்தான். பைகளை அறுத்து இறக்கினான். கை பட்ட இடமெல்லாம் வெதுவெதுப்பாக, ஆட்டுக்குட்டியின் வயிறுபோல இருந்தன. மூட்டையாகக் கட்டிக் கீழே இழுத்துக்கொண்டு போய், கட்டடத்துக்குப் பின்னால் குப்பை எரிக்கிற தொட்டியில் போட்டு மண்ணெண்ணெய் ஊற்றிக் கொளுத்தினான். திகுதிகுவென்று எரிந்தது. வறுத்த காப்பிக்கொட்டையின் மணம் அடித்தது, அவளுடைய மணம். நெருப்புக்கு முன்னால் நின்று அழுதான். மேலே வந்து கொதிக்கும் தண்ணீரும் பிளீச்சிங் பவுடருமாகத் தரையைத் தேய்த்தான், சுவரைத் தேய்த்தான், ஆணியைப் பிடுங்கி எறிந்தான். கண் எரிந்தது, நெஞ்சு எரிந்தது, நிறுத்தவில்லை.

ஒரு தடவை, தேய்ப்பதை நிறுத்தி, பழைய பழக்கத்தில் சுவரில் காதை வைத்தான். செங்கலும் காரையும் சத்தம் போடாது. அது அவனுக்குத் தெரியும். ஆனால் உள்ளே, வெகு ஆழத்தில், ஆயிரம் பேர் ஒரே நேரத்தில் காகிதத்தைக் கசக்காமல் தடவுவதுபோல ஒரு சத்தம் இருந்தது. அது போய்க்கொண்டிருந்தது. இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கத்துக்கு.

கட்டிலைச் சுவரிலிருந்து இழுத்து அறை நடுவில் போட்டான்.

அவள் விழித்தபடி கூரையைப் பார்த்துக் கிடந்தாள். "எதுக்குப்பா தூக்கிப் போட்ட?" என்றாள். கோபமில்லை. வருத்தமும் இல்லை. "நல்லாத்தானே இருந்துச்சு."

"நீ சரியாகணும்மா. அதான்."

"எனக்கு என்ன? நல்லாத்தான் இருக்கேன்."

இரவெல்லாம் அவள் கையைப் பிடித்துக்கொண்டே உட்கார்ந்திருந்தான். கை ஈரமாக இருந்தது. ஒருமுறை அவன் தலை கவிழ்ந்து தூங்கிப்போனபோது, அந்தக் கை அவன் கையை இறுக்கியது, பலமாக, நகம் பதிய. திடுக்கிட்டு நிமிர்ந்தான். அவள் வாயைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தாள். குரல் வரவில்லை. கண்ணில் நீர் கட்டி நின்றது. "என்னம்மா? என்ன?" என்று உலுக்கினான். உதடு அசைந்தது. 'போ' என்பதுபோல இருந்தது. பிறகு முகம் தளர்ந்து, பழைய சிரிப்பு வந்து உட்கார்ந்துகொண்டது. "ஒண்ணுமில்லப்பா. கனவு" என்றாள்.

மறுநாள் மழை பிடித்துக்கொண்டது. மத்தியானமே இருட்டிவிட்டது. கரண்டும் போயிற்று. அவள் இருக்கும் நிலையில் நடக்கவைக்க முடியாது என்று, வண்டி பிடித்து வரக் கீழே இறங்கினான். மழையில் எந்த வண்டியும் நிற்கவில்லை. முழங்காலை இழுத்துக்கொண்டு தெருமுனைவரை போய், ஒருவனைக் கெஞ்சிக் கூத்தாடிக் கட்டட வாசலுக்குக் கொண்டுவந்து நிறுத்திவிட்டு மேலே ஏறினான். எதிர்வீட்டுக் கதவு மூடியிருந்தது. தையல் மெஷின் சத்தம் இல்லை.

கட்டில் காலியாக இருந்தது.

போர்வையில் அவள் படுத்திருந்த பள்ளம். அதில் வெள்ளையாகப் பொடி, மாவு தூவியதுபோல. தரையில் அதே பொடியில் காலடித் தடங்கள். குளியலறையில் இல்லை. சமையலறையில் இல்லை.

"மாஸ்டர்!"

"இங்கதான்ப்பா இருக்கேன்."

ஸ்டோர் ரூமிலிருந்து.

கதவு சாத்தியிருந்தது. தள்ளினான். ஈரமான துணியைத் தள்ளுவதுபோல் மெத்தென்று திறந்தது. உள்ளே ஒரே இருட்டு. பிளீச்சிங் நெடி இல்லை. நேற்று அவ்வளவு கொட்டியும் இல்லை. இனிப்பு மட்டும். தொண்டையில் ஒட்டுகிற இனிப்பு.

"வண்டி நிக்குதும்மா. எந்திரி, போலாம்."

"வரேன். கொஞ்ச நேரம் உக்காரு."

போனை எடுத்து அதன் வெளிச்சத்தைத் தரையில் அடித்தான். அவள் பாதங்கள் தெரிந்தன. நீட்டிய கால்கள். நைட்டி ஓரம். பின்சுவரில், காரை பெயர்ந்த அந்தத் திட்டில், முதுகைச் சாய்த்து உட்கார்ந்திருந்தாள். மடியில் கட்டுப்போட்ட கை.

நல்ல கையைப் பிடித்தான். இழுத்தான்.

கை வந்தது. தோள் வந்தது. முதுகு வரவில்லை.

இன்னும் கொஞ்சம் இழுத்தான். நனைந்த காகிதம் கிழிகிற சத்தம். சுவரிலிருந்தா, அவளிடமிருந்தா? நிறுத்தினான். வெளிச்சம் ஆடியது. முதுகுக்கும் சுவருக்கும் நடுவே இடைவெளி இல்லை. கோடும் இல்லை. எது நைட்டி, எது சுவர்? வெள்ளை. தடித்த, வழவழப்பான வெள்ளை. தோளில் ஏறி. கழுத்தில் ஏறி.

"சாப்ட்டியாப்பா?"

அவள் குரல். அதே அக்கறை. அதே இழுவை.

போனை மெல்ல உயர்த்தினான். முகவாய். அதற்கு மேலே உதடு இருக்க வேண்டிய இடம். இல்லை. மேலுதடும் கீழுதடும் சேர்ந்து, வெளுத்து, மூடி, ஒரே பரப்பாக இருந்தது. ஒரு ஊசி நுழைய இடமில்லை.

"காலையிலேருந்து ஒண்ணும் சாப்பிடலயா? முகம் வாடிக் கிடக்கு."

அவள் வாயிலிருந்து வரவில்லை. அவள் தலைக்கு மேலே சுவரிலிருந்து வந்தது. பிறகு இடது பக்கச் சுவரிலிருந்து. பிறகு அவனுக்குப் பின்னால், கதவுக்குப் பக்கத்திலிருந்து.

"எனக்கு ஒண்ணுமில்ல. நல்லாத்தான் இருக்கேன். பக்கத்துல வந்து உக்காரு."

கத்த வாயைத் திறந்தான். காற்றுதான் வந்தது. கையை உதறினான். உதற வரவில்லை. அவள் விரல்கள் அவன் விரல்களைப் பிடித்திருந்தன. இறுக்கம் இல்லை. மெத்தென்று. ஈரமாக. விரலிடுக்கில் ஏதோ ஊர்ந்தது. குளிர்ந்த நூல்.

அப்போதுதான் வெளிச்சம் அவள் கண்களில் விழுந்தது.

அவை மட்டும் வெளுக்கவில்லை. அவை அவளுடையவை. லிஃப்டுக்கு வெளியே நின்று, எண்ணெய்க் கையோடு வந்தவனைப் பார்த்துச் சிரித்த அதே கண்கள். அகலத் திறந்திருந்தன. கண்ணீர் நிற்காமல் வழிந்து, வெள்ளையில் இறங்கி, உறிஞ்சப்பட்டுக் காணாமல் போனது.

"பயப்படாதப்பா" என்றது சுவர், அவள் குரலில், அன்பாக. "இங்க அலுப்பே இல்ல."

கீழே மழையில் வண்டிக்காரன் ஹாரன் அடித்துக்கொண்டிருந்தான். சுவர் பேசிக்கொண்டிருந்தது. அவள் கண்கள் அவனைப் பார்த்தன. கதவைப் பார்த்தன. அவனைப் பார்த்தன. கதவைப் பார்த்தன. இமைக்காமல், கெஞ்சி, மறுபடி மறுபடி, அவனையும் கதவையும், அவனையும் கதவையும்.